பதில் சொல்லாத வீட்டின் தண்ணீர்முறை

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். உடுப்பிட்டியில் என் அயலட்டைச் சனத்துக்கு நான் "கொம்பியூட்டரிலை என்னவோ எழுதுறவ". கலியாண வீடுகளில் சந்திப்பவர்களுக்கு "முந்தி ரீச்சரா இருந்தவ". இரண்டுமே சரிதான். பல வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். அதிபரோடு ஒத்துப்போகாமல் ஒருநாள் விட்டுவிட்டு வந்தேன். இப்போது நெல்லியடியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிற சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மென்பொருள் கருவிகளுக்கு விளக்கம் எழுதுகிறேன். அதை வாசிப்பது செயற்கை நுண்ணறிவு.

அதை அலுவலகத்தில் "ஏஜென்ட்" என்போம். யாழ்ப்பாணத்தில் ஏஜென்ட் என்றால் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். பக்கத்துவீட்டுக்காரி இதைக் கேள்விப்பட்டு, தன் தம்பியைக் கனடாவுக்கு அனுப்ப ஏலுமோ என்று வாசல் படலையடியில் என்னை மறித்து இரகசியமாக விசாரித்தாள். எங்கடை ஏஜென்ட்டுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, கனடா எந்தப் பக்கம் என்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.

கையும் காலும் இல்லாத அதற்கு நாங்கள் கொடுப்பவைதான் கருவிகள். ஒரு கருவி தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். இன்னொன்று மோட்டரைப் போடும், நிற்பாட்டும். ஒவ்வொரு கருவிக்கும் சில வரிகளில் ஒரு விளக்கம் இருக்கும்: இது எதற்கு, எப்போது பாவிக்கலாம், எப்போது பாவிக்கக்கூடாது. ஏஜென்ட் எதையும் செய்யமுன் அந்த விளக்கத்தை வாசித்துத்தான் முடிவெடுக்கும். விளக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியும். இல்லாததை அது தானாக ஊகித்துத்தான் செய்யவேண்டும்.

பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டிப் பழகிய கை என்னுடையது. இரண்டு வரியில் முடிகிற விஷயத்தை மூன்றாம் வரிக்கு இழுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. என்னுடைய விளக்கங்கள் கட்டையாக இருக்கும். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு தோட்டவெளியில் ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான பங்குக் கிணறு ஒன்று இருக்கிறது. ஒரு கிணறு, ஒரு மோட்டர், ஒரு நாளைக்கு ஒரு வீட்டின் முறை. யாருடைய முறை என்று மறந்துபோவதும், போட்ட மோட்டரை நிற்பாட்டாமல் போவதும், அதனால் வாய்த்தர்க்கம் வருவதும் அங்கே வழமை. அதற்குத்தான் எங்களிடம் வந்தார்கள். விடிய ஏஜென்ட் அன்றைய முறைக்காரருக்குச் செய்தி அனுப்பும்: "இன்று உங்கள் முறை. இறைக்கிறீர்களா?" ஓம் என்று குரல்பதிவில் சொன்னால் மோட்டர் ஓடும், நேரம் முடிய நிற்கும். மாறி வருகிற முறைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தனிக் கருவி. அதற்கு நான் எழுதிய விளக்கம் இது:

"இன்றைய முறைக்காரர் தண்ணீர் வேண்டாம் என்றாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் சொல்லாவிட்டாலோ, முறையை அடுத்த வீட்டுக்கு மாற்றவும்."

கருவிகளைச் செய்தவள் எங்கள் நிரலாளர். மலையகத்தில் ஹற்றன் பக்கத்துப் பெண். நெல்லியடியில் வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்தாறு வருடம். நான் எழுதியதைத் திரையில் பார்த்துவிட்டுக் கதிரையைத் திருப்பினாள்.

"அக்கா, பதில் வராம இருக்கிறதுக்கு என்னென்ன காரணம் இருக்கும்?"

"போனிலை சார்ஜ் இருக்காது. நித்திரை. மறதி. வேறை என்ன?"

"எங்க ஊர்ல இந்த மாதிரி கிணத்துப் பங்கெல்லாம் இல்ல. எனக்குத் தெரியாது. அதான் கேட்கிறேன். இன்னும் ரெண்டு உதாரணம் போட்டா நல்லா இருக்கும்."

"பிள்ளை, நான் தோட்டக்காரர் வீட்டிலை பிறந்தவள். தண்ணி மாறித்தான் வளர்ந்தனான். இது போதும்."

தண்ணி மாறுவது என்றால் வாய்க்காலால் வருகிற தண்ணீரை ஒரு பாத்தி நிரம்ப மண்வெட்டியால் வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புவது. உண்மையாகவே நான் அதைச் செய்து வளர்ந்தவள்தான். அவள் கதிரையைத் திரும்பத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாசி மாதத்தில் ஒரு காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. அந்தக் கிணற்றுப் பங்குகாரரில் ஒருவர். ஐம்பது வயதிருக்கும், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். எடுத்த எடுப்பிலேயே சத்தம்.

"உங்கடை மெசின் செய்த வேலையை வந்து பாருங்கோ! செத்தவீட்டுக்காரரின்ரை முறையை எனக்கு மாத்தச் சொல்லி அதுக்கு ஆர் சொன்னது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மூச்சு வாங்கிச் சொன்னார். அவருக்குப் பக்கத்துத் தறைக்காரர், அதாவது பக்கத்துத் தோட்டத் துண்டில் பயிர் செய்கிறவர், திடீரென்று நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். பெண்சாதிக்கு நாற்பது வயதுகூட இராது. செத்தவீட்டுக்கு அடுத்த நாள் அவர்களின் முறை. ஏஜென்ட் விடிய எழுதியது, இறைக்கிறீர்களா என்று. பதில் வரவில்லை. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு முறையை அண்ணைக்கு மாற்றியது. அடுத்த சுற்றில், அன்று விடியவும், அப்படியே. அன்றைக்கு எட்டுச்செலவு. எட்டாம் நாள் காரியத்துக்குப் போக வெளிக்கிட்ட அண்ணை குறுக்குப் பாதையால் நடந்தபோதுதான் அவர்களின் தறையில் நின்ற வெங்காயத்தைப் பார்த்திருக்கிறார்.

"பத்து நாளாத் தண்ணி காணாமல் நிக்குது தங்கச்சி. என்ரை தறைக்கு அவளின்ரை தண்ணி ரண்டு தரம் பாஞ்சிருக்கு. நான் அந்த வீட்டை எந்த முகத்தோடை போறது?"

தொலைபேசியை வைக்க முன்னமே எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் அவர்களின் முறையை ஒருவரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு வேறு பங்குகாரர் யாராவது போய் அவர்களின் பயிருக்கு இறைத்துவிட்டு வருவார். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. செத்தவீட்டுக்காரரிடம் கேட்பதும் இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் செத்தவீடு நடந்தபோது, துடக்கு என்கிற தீட்டு நாட்கள் முடிந்து தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் மிளகாய்க்கன்று பச்சைப்பசேல் என்று நின்றது. யார் இறைத்தது என்று அப்பா ஒருநாளும் விசாரிக்கவில்லை. இத்தனையும் தெரிந்த நான்தான் "பதில் சொல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கு மாற்றவும்" என்று எழுதினேன். எழுதும்போது ஒரு கணம்கூட இது நினைவுக்கு வரவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாரும் எழுதிவைப்பதில்லை, அப்படித்தான்.

ஹற்றன்காரி கேட்டபோது எரிந்து விழுந்ததும் ஞாபகம் வந்தது. அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நடந்ததைக் கேட்டதும் அவள் ஏஜென்டை நிற்பாட்டி, மோட்டரைக் கையால் போடக்கூடிய மாதிரி மாற்றிவிட்டு, "வாங்க போவோம்" என்று ஸ்கூட்டரின் திறப்பை எடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது வெங்காயத்தாள்கள் நுனி மஞ்சளாகி, செம்மண்ணில் படுத்துக் கிடந்தன. கிழங்கு வைக்கிற பருவம். இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் பிடுங்கிப் போடத்தான் வேண்டியிருக்கும். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அண்ணை எட்டுச்செலவுக்கு உடுத்திய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தண்ணி மாறிக்கொண்டு நின்றார். எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவருடைய மனுசி என்னைப் பூவரசம் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெல்லிய குரலில் சொன்னா. "செத்தவற்றை தமையன் காணியைக் குத்தகைக்குக் குடுக்கச் சொல்லி நிக்கிறார். தனிப் பொம்பிளையாலை தோட்டம் செய்யேலாதாம். இந்த வெங்காயம் தப்பினால்தான் அவள் தன்னாலை ஏலும் எண்டு வாய் திறக்கலாம். இது காய்ஞ்சால் அவளுக்குக் கதைக்க ஒண்டும் இல்லை."

இரண்டு வரியில் எழுதிவிட்டேன் என்று பெருமைப்பட்ட விளக்கம் ஒரு பெண்ணின் காணியில் போய் நின்றது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் என்மேல்தான்.

பாய்ச்சி முடிய மற்றப் பங்குகாரரும் வந்து சேர்ந்தார்கள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்து, செத்தவீடு என்றால் உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்று பிறகு தோன்றியது, அவ்வளவு சத்தம். எட்டுச்செலவு வரைக்கும்தான் என்றார் ஒருவர். இல்லை, அந்தியேட்டி முடியுமட்டும் முப்பத்தொரு நாளும் என்றார் இன்னொருவர். அடுத்த நாள் முறைக்காரர்தான் இறைக்கவேண்டும் என்றார் ஒருவர். கிட்டடித் தறைக்காரர் என்றார் மற்றவர். தலைமுறையாகச் செய்துவருகிற காரியத்தில் இரண்டு பேருக்குக்கூட ஒரே கருத்து இல்லை. ஆனால் ஒரே கருத்து இல்லாமலே அது ஒருநாளும் தவறியதில்லை, ஏனென்றால் எல்லாருமே தறையை எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த முறை ஏன் ஒருத்தரும் பார்க்கேல்லை?" என்று கேட்டேன்.

அண்ணைதான் சொன்னார். "மெசின் முறையை மாத்தினதாலை, அவையளோடை கதைச்சு ஏதோ ஒழுங்கு செய்துபோட்டுது எண்டு நினைச்சன். உதுக்கு எல்லாம் தெரியும் எண்டுதானே நாங்கள் நினைக்கிறது."

"செத்தவீட்டை ஒருத்தர் போய்க் கேட்டிருக்கலாம்தானே?" ஹற்றன்காரி கேட்டாள்.

"கேட்டால் வேண்டாம் எண்டுதான் பிள்ளை சொல்லுவினம்," என்றா அண்ணையின் மனுசி. "மரியாதைக்கு அப்பிடித்தான் சொல்லோணும். அதாலைதான் கேக்கிறேல்லை, செய்துபோட்டு வாறது."

அடுத்த நாள் அலுவலகத்தில் புது விளக்கம் எழுதினேன். நிரலாளர் பொய்யாக ஒரு கிணறும் ஐந்து வீடும் உண்டாக்கி ஏஜென்டைச் சோதித்தாள். ஒரு வீட்டில் செத்தவீடு என்று செய்தி கொடுத்தாள். ஏஜென்ட் முறையை மாற்றவில்லை. எனக்குச் சந்தோஷம். அடுத்த நிமிடம் அது செத்தவீட்டுக்கே ஒரு செய்தி அனுப்பியது. ஆழ்ந்த அனுதாபங்கள், உங்கள் பயிருக்கு அயலவர்கள் தண்ணீர் இறைக்கலாமா, தயவுசெய்து தெரிவிக்கவும். வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தேன். பிணம் கிடக்கிற வீட்டில் வெங்காயத்தைப் பற்றிக் கேட்கிற ஆளை ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"விசர் மெசின்," என்றேன்.

"கேட்கக்கூடாதுன்னு நீங்க எழுதவே இல்லையே, அக்கா," என்றாள். "அது நல்ல பழக்கமாத்தான் கேட்டிருக்கு. ஏன் கேட்கக்கூடாதுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. காரணம் தெரிஞ்சா, நாம எழுதாம விட்ட இடத்திலயும் சரியா நடந்துக்கும்."

இந்த முறை நான் எரிந்து விழவில்லை. கருவியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னேன். உண்மையாகவே தண்ணீர் வேண்டாதவருக்கு ஒன்று. முறையைக் காத்துவைக்க இன்னொன்று. இரண்டாவதற்கு இப்படி எழுதினேன்:

"ஒரு வீட்டில் செத்தவீடு என்று பங்குகாரர் யாராவது சொன்னால் இந்தக் கருவியைப் பாவிக்கவும். அந்த வீட்டின் முறை அந்த வீட்டுக்கே உரியது. வேறு வீட்டுக்கு மாற்றக்கூடாது. அந்த வீட்டாருக்கு எந்தச் செய்தியும் அனுப்பக்கூடாது. கேட்டால் மரியாதைக்காக வேண்டாம் என்பார்கள், பயிர் காய்ந்துவிடும். மற்ற வீடுகளிடம் மட்டும் கேட்கவும்: இன்று அவர்களின் தறைக்கு யார் இறைப்பீர்கள்? ஒருவரும் முன்வராவிட்டால் உடனே அலுவலகத்துக்கு அறிவிக்கவும். அந்தியேட்டி முடியும்வரை இப்படியே செய்யவும். பொதுவாக, பதில் வராததை வேண்டாம் என்று எடுக்கக்கூடாது. பதில் வராத வீட்டில் என்ன நிலைமை என்று பக்கத்துத் தறைக்காரரிடம் முதலில் விசாரிக்கவும்."

என் கணக்கில் இது மிக நீளம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பாதியை வெட்டியிருப்பேன். எந்த வரியை வெட்டலாம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் சொன்னது சரி என்று சில கிழமையில் கண்டேன். தென்மராட்சியில் எங்கள் ஏஜென்ட் பார்க்கிற இன்னொரு கிணற்றில் ஒரு வீட்டிலிருந்து பதில் வரவில்லை. ஏஜென்ட் பக்கத்துத் தறைக்காரரை விசாரித்தது. தாய்க்கு வருத்தம் கடுமையாகி எல்லாரும் ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரி பற்றி நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. அது முறையைக் காத்துவைத்து, அந்த வீட்டைத் தொந்தரவு செய்யாமல், மற்றவர்களைக் கேட்டது. ஹற்றன்காரி கதிரையில் இருந்து எழும்பிக் கைதட்டினாள். நானும் கைதட்டினேன், கீழே புடவைக்கடையில் இருந்து என்ன விஷயம் என்று ஆள் வந்து பார்க்குமளவுக்கு.

அந்தியேட்டி முடிந்தபிறகு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தாள். நான் வாயைத் திறக்க முன்னம் அவளே கேட்டாள்.

"அக்கா, அண்டைக்கு அவரைச் சுடலைக்குக் கொண்டுபோய் முடிஞ்சு, அடுத்த நாள் விடியப் போனைப் பார்க்க, இறைக்கிறீர்களா எண்டு கேட்டுக் கிடந்தது. அது அவற்றை போன். அவரைத்தான் கேட்டது. ஏன் அப்பிடிக் கேட்டது?"

"நான் எழுதினது பிழை தங்கச்சி," என்றேன். "அதுக்குச் சொல்லவேண்டியதை நான் சொல்லேல்லை. என்னிலைதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

வழியில் யோசித்த மற்ற எதுவும் வாயில் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு வெங்காயம் பார்க்க வாங்கோ என்று கூட்டிக்கொண்டு போனாள். வரம்போரத்துப் பாத்திகள் சிலது கிழங்கு வைக்காமல் சிறுத்துப்போய்விட்டன. மற்றது நிமிர்ந்து நின்றது. அந்த முப்பத்தொரு நாளில் அண்ணை தன் தறையை விட இதற்குத்தான் கூடுதலாக இறைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"தமையனுக்குச் சொல்லிப்போட்டன்," என்றாள். "காணி குடுக்கிறேல்லை. அடுத்த போகமும் நான்தான் செய்வன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அந்தப் போன் நம்பரை மாத்தி என்ரை நம்பரைப் போட்டுவிடுங்கோ," என்றாள். அந்த இடத்திலேயே அலுவலகத்துக்குப் போன் எடுத்து மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த போகம் அவள் சொன்னபடியே வந்தது. பயிர் அரைவாசி வளர்ந்திருந்த நாளில், வேலைக்கு வந்து திரையைத் திறந்த ஹற்றன்காரி "அக்கா, இங்க வாங்க" என்றாள். மருதனார்மடத்துக் கிணறு. முதல்நாள் பின்னேரம் பங்குகாரர் ஒருவர் குரல்பதிவு போட்டிருந்தார்: அண்ணையின் தாய் காலமாகிவிட்டாவாம். இன்றைக்கு அண்ணையின் முறை.

விடிய ஏஜென்ட் செய்தது வரிவரியாக இருந்தது. முறையை யாருக்கும் மாற்றவில்லை. அண்ணையின் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மற்ற நாலு வீட்டுக்கும் அண்ணையின் பெயரைப் போட்டு ஒரே செய்தி: "இன்று இவர் வீட்டின் முறை. அந்த வீட்டில் செத்தவீடு. அவர்களின் தறைக்கு யார் இறைப்பீர்கள்?"

முதல் பதில் உடனேயே வந்திருந்தது. ஒரு குரல்பதிவு. நிரலாளர் அதை அழுத்தினாள். மண்வெட்டி எங்கேயோ தட்டுப்படுகிற சத்தம், அதற்கு மேலாக அந்தப் பெண்ணின் குரல்.

"நான் தறையிலைதான் நிக்கிறன். வாய்க்காலும் அவையின்ரை பக்கம் திருப்பிப்போட்டன். மோட்டரைப் போடு."